கடலில் ஓட்டிய கயாக்: எந்தக் கோளாறு, உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

கரைக்கு வந்ததும் ஹோஸைப் பிடித்து இரண்டு நிமிடம் தண்ணீர் அடித்துவிட்டு, வெயிலில் காய்ந்ததும் சுவரோரம் சாய்த்துவிடுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். கயாக் என்ற அந்தச் சிறு துடுப்புப் படகின் உடலுக்கு அது போதும். அதன் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கை உப்பு ஒன்றும் செய்யாது. கெட்டுப்போவது அதில் மாட்டியிருப்பவையும் கூட வருபவையும்தான்: ஸ்க்ரூ, ரிவெட், கேபிள், ஜிப், பக்கிள், துடுப்பின் இணைப்பு, ரேடியோவின் சார்ஜ் முனை. இவை எதிலும் மேலே அடிக்கும் தண்ணீர் உள்ளே போவதில்லை. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம், நல்ல தண்ணீர் எட்டாத ஓர் இடுக்குதான்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி நீர் விடுவது இதனால்தான். சென்னை, ராமேசுவரம் போன்ற கரையோர ஊர்களில் காற்று அவ்வளவு வறண்டு போவது அபூர்வம். ஆகவே அலசாமல் காயவைத்த சாமான் நிஜமாகக் காய்வதே இல்லை. பகலில் காய்ந்தது போலிருக்கும். இரவில் மறுபடி ஈரமாகும். உலோகம் அரிப்பது அந்த இரவில்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் பல வீடுகளின் போர் தண்ணீரே உப்பு. நீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது; வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. கடல்நீர் 35,000. அதாவது 2000 காட்டும் போர் தண்ணீர்கூடக் கடலைவிடப் பதினேழு மடங்கு நல்லது. முதல் அலசலுக்குத் தயங்காமல் பயன்படுத்தலாம். கடைசி அலசல் மட்டும் மெட்ரோ தண்ணீரோ மழைநீரோ ஆக இருக்கட்டும்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வீணாக்க வேண்டாம். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது. உப்பு கிட்டத்தட்ட இல்லை. ஒரு பக்கெட் பிடித்து வைத்தால் பக்கிள், கத்தி, ரேடியோ ஆகியவற்றின் கடைசி முக்கலுக்கு அதைவிடச் சிறந்த தண்ணீர் கிடைக்காது. குடிநீர்ப் பைக்கு மட்டும் வேண்டாம். ஏசி தட்டில் தூசியும் பூஞ்சணமும் இருக்கும். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் இதற்கு நேர்மாறு, உள்ளே போனதைவிட உப்பு கூடியது. அது முதல் அலசலுக்கு மட்டும்.

அடுத்தது அளவு. நனைந்த லைஃப் ஜாக்கெட் ஒன்றரை லிட்டர் கடல்நீரைப் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 52 கிராம் உப்பு. 60 லிட்டர் தண்ணீரில் ஒரே தடவை முக்கி எடுத்தால் ஜாக்கெட்டில் மிஞ்சும் நீரில் லிட்டருக்கு 0.85 கிராம். அதே 60 லிட்டரை இரண்டு டப்பாக்களில் முப்பது முப்பதாகப் பிரித்து, ஒன்றில் ஊறவைத்துப் பிழிந்து அடுத்ததில் முக்கினால் 0.08 கிராம். தண்ணீர் அதே அளவு, மிஞ்சும் உப்பு பத்தில் ஒன்று. ஹோஸ் அடிப்பது இந்த இரண்டுக்கும் கீழே. போதுமா என்று பார்க்க மீட்டரையே இரண்டாம் டப்பாவில் விடுங்கள். குழாய்த் தண்ணீரின் அளவைவிட நூறு, நூற்றைம்பதுக்கு மேல் ஏறியிருந்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை.

லைஃப் ஜாக்கெட் காய்ந்த பிறகும் பிசுபிசுக்கிறது, வார்கள் மொரமொரவென்று இருக்கின்றன

முதல் டப்பாவில் இருபது நிமிடம் ஊற வேண்டும். பாக்கெட்டுகளைத் திறந்து வெளிப்பக்கம் இழுத்து விடுங்கள். மணலில் பாதி அங்கேதான் கிடக்கும். பக்கிள்களைக் கழற்றி, வாரை முழு நீளத்துக்கும் தளர்த்தி, பக்கிளுக்குள் முன்னும் பின்னும் நான்கைந்து முறை தண்ணீருக்குள்ளேயே இழுங்கள். வார் மடிந்து பக்கிளைச் சுற்றும் அந்த இரண்டு அங்குலத்தில்தான் உப்பு பரலாக நின்று நூலை அறுக்கும். ஃபோமை உள்ளங்கையால் அழுத்தி நீரை வெளியேற்றுங்கள். துணி போல முறுக்கிப் பிழிந்தால் ஃபோம் மடிந்து மிதப்பு குறையும். வாஷிங் மெஷினும் இதே காரணத்தால் கூடாது. ட்ரை கிளீனிங்கும் வேண்டாம்.

தடித்த ஹேங்கரில், நிழலில், காற்றோட்டமாக. இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை. மொட்டைமாடி வெயில் சீக்கிரம் காயவைக்கும்தான், ஆனால் நைலானின் பலத்தையும் சாயத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். தோள்பட்டைத் துணி வெளிறியிருந்தால் நகத்தால் கீறிப் பாருங்கள். நூல் பொடியாக உதிர்ந்தால் அந்த ஜாக்கெட்டின் காலம் முடிந்தது.

தண்ணீர் பட்டால் தானே ஊதிக்கொள்ளும் வகை ஜாக்கெட்டை அப்படியே டப்பாவில் போட்டுவிடாதீர்கள், அங்கேயே ஊதிக்கொள்ளும். தயாரிப்பாளர் கையேட்டில் சொல்லும் முறைப்படி வாயுக் குப்பியையும் தூண்டும் பாகத்தையும் கழற்றிய பிறகே அலச வேண்டும். திரும்ப மாட்டும் முன் குப்பியை எடை போட்டு அதன் மேல் பொறித்துள்ள எடையோடு ஒப்பிடுங்கள். எடை குறைந்தாலோ துரு குழியாக இறங்கியிருந்தாலோ புதிது வாங்குங்கள்.

நாற்றம்

இரண்டு வகை. நியோப்ரீன் காலணி, கையுறை, வெட்சூட் ஆகியவற்றின் புளித்த நாற்றம் வியர்வையில் வளரும் பாக்டீரியா. உப்பின் வேலை அல்ல. வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தைகளுக்கான ஷாம்பு ஒரு மூடி விட்டு அரைமணி நேரம் ஊறவைத்து, உள்பக்கத்தை வெளியே புரட்டி அலசி, முதலில் உள்பக்கத்தைக் காயவையுங்கள். பிளீச்சிங் பவுடர் நியோப்ரீனைத் தின்றுவிடும்.

பிச்சாவரம் போன்ற சதுப்பு நிலக் கால்வாய்களில் ஓட்டிவிட்டு வந்தால் வரும் அழுகிய முட்டை நாற்றம் வேறு. காற்றுப் புகாத கருஞ்சேற்றில் பாக்டீரியா கடல்நீரின் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகிறது. சேறு காய்ந்துவிட்டால் நெய்த துணிக்குள் இறங்கிவிடும். பிறகு மூன்று அலசல் தேவைப்படும். காருக்குள் ஏற்றும் முன்பே, கரையிலேயே, கால்வாய்த் தண்ணீரை ஊற்றியாவது சேற்றை இறக்கிவிடுங்கள்.

ஜிப் நகரவில்லை

பற்கள் பிளாஸ்டிக்காக இருந்தாலும் இழுப்பான் பெரும்பாலும் உலோகம். அதற்குள் வெள்ளையாகப் பூத்திருக்கும். பிளையரால் இழுத்தால் பல் போகும். இழுப்பானை மட்டும் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அசையாவிட்டால் வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து பதினைந்து நிமிடம். அது வந்த வழியிலேயே முதலில் பின்னோக்கி அசையுங்கள், பிறகு முன்னோக்கி. விடுபட்டதும் நன்றாக அலசி, காய்ந்த பின் மெழுகுவர்த்தியைப் பற்களில் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் விடாதீர்கள், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

துடுப்பின் இரண்டு பாதியும் பிரியவில்லை

இந்தப் பட்டியலில் அதிகம் பார்க்கப்படுவதும், அவசரத்தால் அதிகம் உடைக்கப்படுவதும் இதுதான். இணைப்பின் உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் இடைவெளி மயிரிழை அளவே. அதில் மெல்லிய மணல் இறங்கி, உப்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அலுமினியக் கம்பு என்றால் கூடவே வெள்ளை ஆக்சைடு வளர்ந்து இடைவெளியை முழுக்க அடைத்துவிடும்.

இணைப்பு நீரில் மூழ்கும்படி துடுப்பை ஒரு மணி நேரம் போடுங்கள். இரண்டு பாதியையும் பூட்டும் பட்டனின் துளை மேலே இருக்கட்டும்; காற்று வெளியேறத் தண்ணீர் உள்ளே போகும். பிறகு வெளிக்குழாய் மேல் மட்டும் கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகச் சூடான வெந்நீரை மெதுவாக ஊற்றுங்கள். கொதிநீர் வேண்டாம், கார்பன், ஃபைபர் கம்புகளின் பிசின் இளகிவிடும். வெளிக்குழாய் சூட்டில் விரிந்திருக்கும் அந்த அரை நிமிடத்தில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, இணைப்புக்கு அருகே கம்பைப் பிடித்து, பட்டனை முழுக்க அழுத்திக்கொண்டு எதிர்த் திசையில் முறுக்கியபடி இழுங்கள். பட்டனை அழுத்தாமல் முறுக்கினால் துளை நீள்வட்டமாகும், துடுப்பு அதன்பின் எப்போதும் ஆடும். துடுப்பின் அகன்ற முனையான அலகைப் பிடித்து முறுக்குவது அதைவிட மோசம். அந்த நெம்புகோல் பலத்துக்கு அலகின் கழுத்து செய்யப்படவில்லை.

முதல் முறை வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி ஊறவைத்து மறுபடி வெந்நீர். அலுமினியமாக இருந்தால் இடையில் ஒருமுறை வினிகர்த் தண்ணீர் பதினைந்து நிமிடம், உடனே நல்ல தண்ணீர். வினிகரில் இரவு முழுக்க விட்டால் அது அலுமினியத்தையும் அரிக்கும்.

பிரிந்ததும் பழைய பனியன் துணியைக் குச்சியில் சுற்றி உள்ளே துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், கிரீஸும் வேண்டாம். உப்புத்தாள் இணைப்பைத் தளர்த்தும். கிரீஸ் அடுத்த முறை மணலை அழைத்து வரும். கரைக்கு வந்ததும் பிரித்து, இரண்டு துண்டையும் அலசி, தனித்தனியாகவே வைத்திருந்தால் இந்தப் பகுதியே உங்களுக்குத் தேவைப்படாது.

பட்டன் உள்ளே போனது வெளியே வரவில்லை என்றால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தகடு துருப்பிடித்திருக்கும். வெந்நீரில் ஊறவைத்து இருபது முப்பது முறை அழுத்தி விடுங்கள். தகடு உடைந்திருந்தால் மாற்றுவது எளிது, விலையும் குறைவு.

ஸ்க்ரூ தலையைச் சுற்றிப் பழுப்புக் கறை அல்லது வெள்ளைப் பொடி

இரண்டும் ஒன்றல்ல. பழுப்பு என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அரிக்கிறது. வெள்ளைப் பொடி என்றால் பக்கத்திலிருக்கும் அலுமினியம் அரிக்கிறது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பது மேற்பரப்பில் உள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தால். ஆக்சிஜன் கிடைக்கும் வரை அந்தப் படலம் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். ஸ்க்ரூ தலைக்கு அடியில் தேங்கிய உப்புநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் குளோரைடு அதைத் துளைத்துவிடும். வெளியே தெரியும் தலை பளபளக்க, உள்ளே மரை பாதி கரைந்திருப்பது இப்படித்தான். 304 வகையில் இது சீக்கிரம் நடக்கும். 316 வகையில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் தாங்கும். கடையில் காந்தம் வைத்துப் பார்ப்பதால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. போல்ட் தலையில் பொறித்திருப்பதைப் படியுங்கள்: ஏ2 என்றால் 304 குடும்பம், ஏ4 என்றால் 316. கடலுக்கு ஏ4.

மேலோட்டமான கறைக்கு சமையல் சோடாவைக் குழைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். இரும்பு நார் வேண்டாம், அதன் துகள்கள் பதிந்து அவையே துருப்பிடிக்கும். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் துருவை நொடியில் எடுப்பது போலத் தெரியும். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், எந்தக் குளோரைடிலிருந்து காப்பாற்ற முயல்கிறோமோ அதையே கெட்டியாக ஊற்றுவதாகும்.

வெள்ளைப் பொடிக்குக் காரணம், அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் உப்புநீரில் சேர்ந்து ஒரு பேட்டரி ஆவது. கரைவது எப்போதும் அலுமினியம்: கால்மிதித் தண்டவாளம், ரிவெட், தூண்டில் தாங்கி. ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, துளையைக் கழுவிக் காயவைத்து, இரண்டு உலோகத்துக்கும் நடுவில் நைலான் வாஷர் வைத்து, மரையில் மரைன் கிரீஸ் தடவி மாட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் திரும்பத் துளைகள் நேராகச் சேராது.

கழற்றும்போது ஸ்க்ரூவோடு, பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை மரைக்குழலும் சேர்ந்து சுற்றினால் உடனே நிறுத்துங்கள். இன்னும் முறுக்கினால் பிளாஸ்டிக்கில் அதன் பிடிமானம் போய்விடும். ஊடுருவும் எண்ணெய் சில சொட்டு விட்டு ஒரு நாள் கழித்து முயலுங்கள். ரிவெட் போயிருந்தால் துளையிட்டு எடுத்துவிட்டு, உள்ளே இதழாக விரியும் வகையை ரப்பர் வாஷரோடு போடுங்கள். சிலிகான் சீலண்டை மட்டும் நம்ப வேண்டாம், பாலிஎத்திலீனில் அது சரியாக ஒட்டுவதில்லை.

சுக்கான் இறுகுகிறது, கால்மிதி நகரவில்லை

கேபிள் ஓடும் பிளாஸ்டிக் குழாயில் உப்பு பரலாகியிருக்கும். 50 மில்லி ஊசியில்லா சிரிஞ்சால் ஒரு முனையில் தண்ணீரை அடித்து, மறுமுனையில் தெளிவாக வரும் வரை விடுங்கள். அடித்துக்கொண்டே பெடலை அசையுங்கள். பின்பு துணியால் கேபிளைப் பிடித்து நீளமாக உருவிப் பாருங்கள். இழை எங்காவது துணியில் சிக்கினால் ஒரு நூல் அறுந்திருக்கிறது என்று பொருள். அடுத்த பயணத்துக்கு முன் மாற்றுங்கள். அறுவது பெரும்பாலும் முனையில் நசுக்கிப் பிடித்த குழலுக்கு ஒட்டி.

கால்மிதித் தண்டவாளத்தில் மணலும் உப்பும் சேர்ந்து பல்லிடுக்கை அடைத்திருக்கும். வெந்நீர், பிரஷ், முழு நீளத்துக்கும் பத்து முறை நகர்த்தல். ஒவ்வொரு அலசலிலும் கால்மிதியை நகர்த்திவிட்டால் இது வராது. ஒரே உயரத்தில் ஒரே ஆள் ஓட்டும் கயாக்கில்தான் அது ஒரே இடத்தில் இறுகிப்போகும்.

எல்லாம் மூடியிருந்தும் உள்ளே தண்ணீர்

விரிசல் என்று பயப்படும் முன் இரண்டைப் பாருங்கள். வடிகால் மூடியின் ஓ-ரிங்கில் (ரப்பர் வளையத்தில்) ஒரே ஓர் உப்புப் பரலோ மணலோ இருந்தாலும் கசியும். கழற்றி, ரிங்கையும் அது உட்காரும் பள்ளத்தையும் துடைத்து, சிலிகான் கிரீஸ் மெல்லிய படலமாகத் தடவுங்கள். பெட்ரோலிய கிரீஸ், வேசலின் சில ரப்பர்களை உப்ப வைக்கும்.

இரண்டாவது, வெயில். கரையில் காய்ந்த கயாக்கின் உள்காற்று 55 டிகிரி வரை போகலாம். மூடியை இறுக்கி 30 டிகிரி கடலில் இறக்கினால் அந்தக் காற்று ஏறக்குறைய ஏழரை சதவீதம் சுருங்கும். உள்ளே 200 லிட்டர் காற்று இருந்தால் 15 லிட்டர் சுருக்கம். அந்த உறிஞ்சல், தளர்ந்த எந்த மரை வழியாகவும் கடலை உள்ளே இழுக்கும். இறக்கும் முன் நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து, பிறகு மூடுங்கள். வீட்டில் வைக்கும்போது ஹேட்சுகள் (சாமான் அறைகளின் மூடிகள்) திறந்தே இருக்கட்டும், உள்ளே தங்கிய ஒரு குவளை உப்புநீர் வெளியேறவும் அதுவே வழி.

இரண்டும் சரியாக இருந்தும் கசிந்தால், கயாக்கைக் கவிழ்த்து, மேல்தட்டு நீர் வடியும் ஸ்கப்பர் துளைகளின் ஓரத்தைச் சோப்பு நீரால் பூசி, வடிகால் வழியே வாயால் ஊதுங்கள். தள்ளுவண்டியின் முளைகள் தாங்கும் துளைகளில்தான் விரிசல் முதலில் விழும். குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு பிளாஸ்டிக் வெல்டிங்தான்.

ரேடியோ சார்ஜ் ஆகவில்லை, முனையில் பச்சைக் களிம்பு

ஐபிஎக்ஸ்7 என்ற நீர்க்காப்புத் தரம் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம், அதுவும் நல்ல தண்ணீரில். உப்புநீர் காய்ந்த முனையில் சார்ஜரை மாட்டினால் மின்சாரமே அரிப்பை நடத்தும். நாளடைவில் நேர்முனை கரைந்துவிடும். அணைத்து, மூடிகளை அழுத்தி, ஏசி தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி, துடைத்து, இரவு முழுக்க ஆறவிட்ட பிறகே சார்ஜ். களிம்பு வந்துவிட்டால் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். குரல் அடைத்து வந்தால் ஸ்பீக்கரைக் கீழ்நோக்கி உள்ளங்கையில் தட்டுங்கள்; ஊசியால் குத்த வேண்டாம். அரிசியில் புதைப்பதால் பயனில்லை, தவிட்டுத் தூசிதான் உள்ளே போகும்.

காய்ந்த கயிற்றைத் தொட்டால் கை எரிகிறது

சொறி எனப்படும் ஜெல்லி மீனின் இழை ஒட்டியிருக்கிறது. அதன் கொட்டும் செல்கள் காய்ந்த பின்னும் செத்துவிடுவதில்லை. மறுபடி நனைந்தால் மறுபடி கொட்டும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு கயிற்றை முழுக்க அவிழ்த்து, ஒரு மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரை மாற்றி இன்னொரு முறை. துண்டால் துடைக்காதீர்கள், துண்டும் கொட்டும்.

அடிப்பாகத்தில் கரும்பிசின் புள்ளிகள்

தார் உருண்டை. சமையல் எண்ணெயைத் துணியில் தொட்டு ஐந்து நிமிடம் வைத்துத் துடைத்தால் இளகி வந்துவிடும். பின்பு பாத்திரம் கழுவும் திரவத்தால் எண்ணெயை எடுங்கள். தின்னர், பெட்ரோல் தேவையில்லை. ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆன உடலாக இருந்தால் அவை பிளாஸ்டிக்கையே கரைக்கும்.

சின்னக் கருஞ்சிப்பிகள்

எண்ணூர், பழவேற்காடு பக்கம் ஓட்டிவிட்டு வந்தால் இதைக் கவனியுங்கள். மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லும் அந்நியச் சிப்பி அங்கே அடிமண்ணைப் போர்வையாக மூடி இறால் பிடிப்பைக் கெடுத்திருக்கிறது. குஞ்சுச் சிப்பிகள் ஸ்கப்பர் துளையிலும் கயிற்று முடிச்சிலும் தங்கும். குடம்பிகள் (லார்வாக்கள்) உள்ளே தேங்கிய நீரிலேயே பயணம் செய்யும். அந்த நீரை முட்டுக்காடு போன்ற வேறு நீர்நிலையில் கொண்டுபோய் வடிக்க வேண்டாம். ஓட்டிய இடத்திலேயே வடித்துவிடுங்கள், அல்லது வீட்டு மண்ணில் ஊற்றுங்கள், சாக்கடையிலோ கால்வாயிலோ அல்ல. சுரண்டி எடுத்த சிப்பியைக் குப்பையில் போட்டு, கயாக்கை உள்ளும் புறமும் முழுக்கக் காயவிட்ட பிறகே அடுத்த நீர்நிலையில் இறக்குங்கள்.